சிறுகுறிஞ்சான் முகாம்: மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்

போன தை மாதம் எங்கள் ஊர் மண்டபத்தில் "சுகர் ஒழிப்பு முகாம்" போட்டார்கள். அப்பாவுக்கு 64 வயது, பன்னிரண்டு வருடமாக சுகர். மாத்திரையில் அவருடைய மூன்று மாத சராசரி சர்க்கரை அளவு (HbA1c) 7.4 சதவீதத்தில் நின்றுகொண்டிருந்தது. சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர், ரூ.9,600-க்கு சிறுகுறிஞ்சான் என்கிற மூலிகையின் இலைச்சாற்று கேப்சூல் வாங்கிக்கொண்டு வந்தார்.

அவரை நம்ப வைத்தது இரண்டு சோதனை. முதலில் சிறுகுறிஞ்சான் இலையை மெல்லச் சொல்லி, அப்புறம் ஒரு கரண்டி சீனியை வாயில் போட்டார்கள். மணலைத் தின்ற மாதிரி இருந்ததாம். "நாக்கிலேயே சர்க்கரை செத்துப்போச்சு பாத்தீங்களா ஐயா, ரத்தத்துலயும் இப்படித்தான்" என்றாராம் முகாம் நடத்திய ஆள். இனிப்பு தெரியாமல் போவது உண்மைதான். அந்த இலையில் உள்ள ஜிம்னிமிக் அமிலங்கள் நாக்கில் இனிப்பை உணரும் இடத்தைக் கொஞ்ச நேரம் அடைத்துவிடும். ஆனால் சீனி அப்படியே வயிற்றுக்குள் போகிறது. நாக்கில் நடந்ததை வைத்து ரத்தத்தில் என்ன நடக்கும் என்று சொல்லவே முடியாது.

இரண்டாவதுதான் மோசம். காலையில் எல்லோருக்கும் பொங்கல், வடை கொடுத்திருக்கிறார்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் விரலில் குத்திப் பார்த்தால் அப்பாவுக்கு 286. உடனே கேப்சூல். இரண்டரை மணி நேரம் பேசிவிட்டு மறுபடி குத்தினால் 198. மண்டபமே கைதட்டியதாம். சாப்பிட்டதும் ஏறுகிற சர்க்கரை நேரம் போகப்போகத் தானாகவே இறங்கும். வெறும் தண்ணீர் குடித்திருந்தாலும் இறங்கியிருக்கும்.

சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி என்று ஒரு ஜெராக்ஸும் கொடுத்தார்கள். நான் அதைத் தேடிப் படித்தேன். 1990-இல் வந்த உண்மையான ஆய்வுதான். 22 பேருக்கு இந்த இலைச்சாற்றை தினம் 400 மி.கி. வீதம் 18 முதல் 20 மாதம் வரை, அவரவர் மாத்திரையோடு சேர்த்தே கொடுத்திருக்கிறார்கள். சர்க்கரை அளவு குறைந்தது; ஆனால் மாத்திரையை விட முடிந்தது 5 பேரால்தான். முகாமிலோ முதல் நாளே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அந்த மூலிகை மேல் எனக்குக் கோபமே இல்லை. "நிறுத்துங்கள்" என்ற அந்த ஒரு வார்த்தை மேல்தான்.

அப்பா எங்களிடம் சொல்லாமலே மெட்ஃபார்மின் என்கிற சுகர் மாத்திரையை நிறுத்திவிட்டார். சித்திரையில் செருப்பு கடித்த புண் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது மூன்று மாத அளவு 11.2. இன்சுலின் போட்டு, பதினொரு நாள் படுக்கையில் வைத்து, சுண்டுவிரலைக் காப்பாற்றினார்கள். அம்மா அந்தப் பதினொரு நாளும் சரியாகச் சாப்பிடவில்லை.

பணத்தைக் கேட்டுப் போன் செய்தால் "பத்தியம் இருந்திருக்க மாட்டார்" என்கிறார்கள். டப்பாவில் தயாரிப்பு உரிம எண்ணும் இல்லை, முகவரியும் இல்லை. நீரிழிவைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நோட்டீஸ், டப்பா, ரசீது மூன்றையும் வைத்து மாவட்ட சித்த மருத்துவ அலுவலரிடம் புகார் கொடுத்திருக்கிறோம்.

உங்கள் வீட்டில் யாராவது இப்படி வாங்கியிருந்தால், மாத்திரை போடுகிறார்களா என்று இன்றைக்கே கேளுங்கள். அட்டையை வாங்கி எண்ணிப் பாருங்கள். அப்பாவின் அட்டை மூன்று மாதமாகப் பிரிக்காமல் அலமாரியிலேயே இருந்தது.