தங்கை கல்யாணத்துக்கு மலையில் இடம் பார்த்த கதை: கோத்தகிரி அனுபவம்

நாங்கள் டொரோண்டோவில் இருக்கிறோம். தங்கை கல்யாணத்தை ஊர்ப்பக்கம்தான் வைக்க வேண்டும், ஆனால் கோயம்புத்தூரில் பெரிய மண்டபம் பிடித்து ஆயிரம் பேரைக் கூட்ட வேண்டாம், நீலகிரியில் அறுபது பேரோடு போதும் என்று அவளும் மாப்பிள்ளையும் உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். இடம் பார்க்கும் வேலை அக்காவான என் தலையில் விழுந்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஊட்டி, குன்னூர், கோத்தகிரி மூன்றையும் சுற்றிப் பார்த்தேன். ஆனி மாதம் கோத்தகிரியில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது.

இதே யோசனையில் இருப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீலகிரியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணுக்குக் குளிர்ச்சிதான். எல்லா இடத்திலும் கிடைக்கிற ஒன்றை வைத்து இடத்தை முடிவு செய்ய முடியாது. வருகிறவர்களில் மூத்தவர் யாரோ, அவர் அங்கே சிரமமில்லாமல் வந்து சேர முடியுமா, குளிராமல் உட்கார முடியுமா, சூடாகச் சாப்பிட முடியுமா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் அது அப்பத்தா. எண்பத்திரண்டு வயது, இரண்டு முழங்காலிலும் வலி. அவரை மனதில் வைத்துக்கொண்டே ஒவ்வோர் இடத்திலும் நடந்து பார்த்தேன்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இடத்துக்கும் முன்னால் தேதியே பெரிய சிக்கல். பிள்ளைகளுக்கு டிசம்பரில் விடுமுறை; ஆனால் மாதப் பாதியில் மார்கழி பிறந்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் நீண்ட விடுமுறை. ஆனால் ஜூலைப் பாதியில் ஆடி பிறந்துவிடும். இரண்டு மாதத்திலும் எங்கள் வீடுகளில் முகூர்த்தம் வைப்பதில்லை. ஆவணியில் வைத்தால் செப்டம்பர் முதல் வாரம் பள்ளி திறப்பதற்குள் ஓடி வர வேண்டும். டொரோண்டோவில் ஜூன் கடைசியில் பள்ளி முடிகிறது. அதிலிருந்து ஆனி முடிய இரண்டு வாரம் இருக்கிறது. அந்த இரண்டு வாரத்துக்குள் வந்த ஒரு முகூர்த்தத்தைப் பிடித்துக்கொண்டோம். அதுவும் வாரநாளாக அமைந்ததால் வாடகையும் குறைந்தது, சாலையில் நெரிசலும் குறைந்தது.

"ஆனியில் மழை பெய்யுமே" என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். அது தென்மேற்குப் பருவமழைக் காலம்தான். ஆனால் நீலகிரி முழுக்க ஒரே மாதிரி பெய்வதில்லை. கூடலூர்ப் பக்கம் கொட்டும், ஊட்டியும் நனையும். 2,637 மீட்டர் உயரத்தில் தொட்டபெட்டா நடுவில் நின்று மறைப்பதால், அதற்குக் கிழக்கே இருக்கும் கோத்தகிரிக்கு அந்த மழை பெரும்பாலும் தூறலாகத்தான் வந்து சேர்கிறது. கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். 2009 நவம்பரில் பெய்த மழையில் மண் சரிந்து நீலகிரியில் நாற்பதுக்கும் அதிகமானவர்கள் இறந்துபோனார்கள். அந்த மாதங்களில் முகூர்த்தம் பார்ப்பவர்கள் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும். தை மாதம் வானம் பளிச்சென்று இருக்கும். ஆனால் 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊட்டியில் அப்போது உறைபனி விழும். அதிகாலை முகூர்த்தத்துக்குப் பட்டுப்புடவை மட்டும் கட்டிக்கொண்டு உட்காருவது வயதானவர்களால் ஆகாத காரியம்.

அடுத்தது பாதை. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு, பர்லியாறு வழியாகக் குன்னூர் ஏறினால் 14 கொண்டை ஊசி வளைவுகள். இன்னொரு பக்கம் குஞ்சப்பனை வழியாகக் கோத்தகிரிக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம். இரண்டிலும் போய்ப் பார்த்ததில் எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்குக் கோத்தகிரி வழியில் குமட்டல் குறைவாக இருந்தது. மே மாத சீசனில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழிப் பாதை ஆக்கிவிடுவார்கள் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கோத்தகிரிக் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் அப்போது ஊரைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கும். மாப்பிள்ளையின் நண்பர்கள் எல்லோரையும் மலை ரயிலில் அழைத்து வரலாம் என்றார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர் ஏற அது ஐந்து மணி நேரம் அளவுக்கு எடுத்துக்கொள்ளும், டிக்கெட்டும் எளிதில் கிடைக்காது, கோத்தகிரிக்கு அந்தப் பாதையும் இல்லை. முன்னதாகவே வந்துவிட்ட சில பேர் மட்டும் அதில் போய் மகிழ்ந்தார்கள்.

இ-பாஸ் பற்றித் தெரியாமல் வந்துவிடாதீர்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகள் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போக இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். 2025 கோடையில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று உச்சவரம்பும் வந்தது: நீலகிரிக்கு வாரநாளில் 6,000, வார இறுதியில் 8,000. இந்தியாவில் இருப்பவர்கள் கைபேசி எண்ணைக் கொடுத்தும், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் மின்னஞ்சலைக் கொடுத்தும் பதிவு செய்யலாம். அரசுப் பேருந்துக்கும் நீலகிரி மாவட்டப் பதிவெண் வண்டிகளுக்கும் இந்தத் தொல்லை இல்லை. அதனால் கோயம்புத்தூர் விமான நிலையத்துக்கே டி.என். 43 எண் உள்ள வேன்களை வரவழைத்துவிட்டோம். மலைச் சாலையில் தினமும் ஓட்டுகிற கை அது. அப்பத்தா வழி முழுக்கத் தூங்கிக்கொண்டே வந்தார், எனக்கு அதுவே போதும்.

இனி இடங்கள். குன்னூரில் பார்த்த ஒன்றை நினைத்தால் இன்னமும் மனசு அடித்துக்கொள்கிறது. பள்ளத்தாக்கைப் பார்த்த புல்வெளி, ஓரத்தில் சில்வர் ஓக் மரங்கள், கீழே அடுக்கடுக்காகத் தேயிலை. தங்கைக்குப் படம் அனுப்பியதும் "அக்கா, இதேதான்" என்றாள். ஆனால் வண்டி நிற்கும் இடத்திலிருந்து அந்தப் புல்வெளிக்கு இறங்கக் கல் படிகள்தான், கைப்பிடி கிடையாது. மேலே கூரை இல்லை. மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, வராது மேடம் என்று சிரித்தார்கள். கழிப்பறை மேல்தளத்தில். இன்னொன்றும் நடந்தது. மாமா கோயம்புத்தூரிலிருந்து போனில் கேட்டபோது ஒரு நாள் வாடகை 1,20,000 ரூபாய் என்றவர்கள், நான் கனடாவிலிருந்து வந்திருக்கிறேன் என்று தெரிந்ததும் 1,80,000 என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது, பேசாமல் கிளம்பிவிட்டேன். வெளியூரிலிருந்து போகிறவர்கள் விலை பேசுவதை உள்ளூர்ச் சொந்தக்காரர்களிடம் விட்டுவிடுவதே நல்லது. பேசிய விலையை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வைத்துக்கொண்டு அப்புறம் நேரில் போங்கள்.

ஊட்டியில் ஒரு ஓட்டலில் எல்லாம் ஒழுங்கு. லிஃப்ட் இருந்தது, ஹால் இருந்தது, ஜெனரேட்டர் இருந்தது. ஆனால் அவர்களுடைய பேக்கேஜுக்குள்தான் நம் கல்யாணம் அடங்க வேண்டும். சமையல் அவர்களுடையது, அலங்காரம் அவர்களுடையது, வார இறுதியென்றால் குறைந்தது முப்பது அறை எடுக்க வேண்டும். ஹாலுக்குள் ஓம குண்டம் வைக்கவும் விடமாட்டார்கள். அறுபது பேர் கல்யாணத்தை முந்நூறு பேர் அச்சில் போட்டு எடுக்கிற மாதிரி இருந்தது.

கோத்தகிரியில் கிடைத்தது தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய பழைய பங்களா. வாசல் வரைக்கும் வேன் வந்தது, ஒரே ஒரு படி. மூன்று பக்கமும் கூரை போட்ட அகலமான தாழ்வாரம். அறுபது நாற்காலி தாராளமாகப் போடலாம். பகலில் மின்சாரம் போனபோது ஜெனரேட்டரை ஓட்டிக் காட்டச் சொன்னேன், காட்டினார்கள். எந்த சிம்முக்கு எங்கே சிக்னல் வரும் என்று மேனேஜரே தாழ்வாரத்தில் நடத்திக்கொண்டுபோய்க் காட்டினார். உள்ளூரிலேயே பிறந்து வளர்ந்தவர். மழை வந்தால், மூடுபனி வந்தால், யாருக்காவது நெஞ்சு அடைத்தால் என்று நான் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். அரசு மருத்துவமனைக்கு எத்தனை நிமிடம் என்பது வரை சொன்னார். கட்டடத்தைவிட அந்த மனிதரை நம்பித்தான் முன்பணம் கொடுத்தேன். தாலி கட்டுவது பக்கத்தில் இருக்கும் முருகன் கோயிலில், விருந்து பங்களாவில் என்று முடிவானது. கோயிலில் இருவரின் வயதுச் சான்று, முகவரிச் சான்று எல்லாம் முன்கூட்டியே கேட்பார்கள். கல்யாணத்துக்கான ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

சமையலைப் பற்றி விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். மேட்டுப்பாளையத்தில் ஒரு சமையல் மாஸ்டரைப் பார்த்தோம். மலைக் கல்யாணங்கள் நிறையச் செய்தவர். உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அம்மிணி, பங்களாவுல குக்கர் எத்தனை லிட்டருங்க?" எனக்குப் புரியவில்லை. கோத்தகிரி 1,800 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். கீழே முக்கால் மணி நேரத்தில் குழைகிற பருப்பு மேலே திறந்த பாத்திரத்தில் விறைத்துக்கொண்டு நிற்கும். சாம்பார்ப் பருப்பையும் பாயசப் பருப்பையும் பெரிய குக்கரில்தான் வேக வைக்க வேண்டும் என்றார். கீழே இருந்து வரும் புதிய ஆட்கள் இது தெரியாமல் பந்தி நேரத்தில் தவித்த கதைகளையும் சொன்னார். குளிரில் தேங்காய் எண்ணெய் உறையும், இட்லி மாவு புளிக்காது என்பதால் மாவை முந்தின நாளே கீழே அரைத்துப் புளிக்க வைத்துக் கொண்டுவந்தார். சாதத்தை ஒரே தடவையில் வடிக்காமல் பந்திக்குப் பந்தி வடித்தார். இலையில் விழுந்த இரண்டு நிமிடத்தில் எல்லாம் ஆறிவிடும் இடத்தில் இதுதான் சரி. வாழை இலை, தேங்காய், காய்கறி எல்லாம் மேட்டுப்பாளையத்திலிருந்தே விடியற்காலை ஏறின. மல்லிகை கீழிருந்து வந்தது. மேடைக்கு வேண்டிய கார்னேஷனும் லில்லியமும் நீலகிரியிலேயே விளைகின்றன, அங்கேயே வாங்கினால் வாடாமல் இருக்கும். வெளிச் சமையல்காரரை உள்ளே விடுவார்களா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா, பாத்திரம் கழுவத் தண்ணீர் போதுமா, இந்த மூன்றையும் இடம் பார்க்கிற அன்றே கேளுங்கள்.

பிளாஸ்டிக் விஷயத்தில் நீலகிரி கண்டிப்பான மாவட்டம். சின்னத் தண்ணீர் பாட்டிலைக்கூட மேலே கொண்டுபோக முடியாது, சோதனைச் சாவடியில் எடுத்து வைத்துக்கொள்வார்கள், அபராதமும் போடுவார்கள். எவர்சில்வர் டம்ளரும் குடமும் வாடகைக்கு எடுத்தோம், தாம்பூலத்துக்கு மஞ்சப்பை. எனக்கு இந்தக் கண்டிப்பு மிகவும் பிடித்திருந்தது. சாப்பாட்டு மிச்சத்தை அன்றைக்கே அப்புறப்படுத்த வேண்டும் என்று மேனேஜர் முதலிலேயே சொல்லிவிட்டார். கோத்தகிரியில் கரடிகள் ஊருக்குள் உணவு தேடி வருகின்றன. இலையை வெளியே போட்டு வைத்தால் இரவில் வந்து நிற்கும். காட்டுமாடுகளும் தேயிலைக்குள் சாதாரணமாக மேயும். இருட்டிய பிறகு பிள்ளைகளைத் தோட்டத்துப் பக்கம் விடவில்லை. ஒலிபெருக்கியும் வேண்டாம் என்று விட்டுவிட்டோம். மைக் இல்லாத நாதஸ்வரம் அந்த மலையில் எவ்வளவு தூரம் கேட்கிறது என்று நேரில் கேட்டால்தான் தெரியும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் உரிமத்தைப் பார்த்துவிடுங்கள். வீடு கட்ட அனுமதி வாங்கிக் காட்டேஜாக நடத்துகிற இடங்களுக்கு நீலகிரியில் அதிகாரிகள் சீல் வைத்த செய்திகள் அடிக்கடி வருகின்றன. மசினகுடிப் பக்கம் யானை வழித்தடத்தில் இருக்கும் விடுதிகள் விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் வழித்தடத்துக்கு ஆதரவாகத் தீர்ப்பு சொன்னது. பத்திரிகை அடித்த பிறகு இடம் பூட்டப்பட்டால் என்ன செய்வது? உரிம நகலைக் கேட்டால் ஒழுங்காக நடத்துகிறவர்கள் முகம் சுளிக்காமல் காட்டுகிறார்கள். தேதி மாற்றினால் பணம் எவ்வளவு திரும்பும், மண்சரிவால் சாலை மூடினால் என்ன கணக்கு என்பதையும் ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

கடைசியாகப் பதிவு. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதமானாலும் திருமணத்தை 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். அதற்கப்புறம் இன்னும் 60 நாள் வரை கூடுதல் கட்டணத்தோடு செய்யலாம். வெளிநாடு திரும்புகிறவர்கள் அந்தக் கெடுவை நம்பி இருக்க முடியாது. மணமக்கள் நேரில் போக வேண்டும், சாட்சிகள் வேண்டும். விருந்தினர்கள் மலையில் இருக்கும்போதே, கல்யாணம் நடந்த இடத்துக்கு உரிய சார்பதிவாளர் அலுவலகத்தில் முடித்துவிட்டோம். மாப்பிள்ளைக்கு விசா விண்ணப்பம் போடச் சான்றிதழ் தேவைப்பட்டது. பாஸ்போர்ட்டில் இருக்கும் எழுத்துகளும் சான்றிதழில் இருப்பவையும் ஒன்றாக இருக்கின்றனவா என்று அலுவலகத்தை விட்டு வெளியே வரும் முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாட்டின் ஆவணத்தை ஒரே முத்திரையை வைத்து மற்ற நாடுகளும் ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடுதான் அப்போஸ்டில். கனடா 2024 ஜனவரியில் அந்த உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டதால், இந்தியாவில் அப்போஸ்டில் முத்திரை வாங்கிய சான்றிதழுக்குத் தூதரக ஒப்புதல் தனியாகத் தேவையில்லை. ஊரில் இருக்கும்போதே அதற்கும் கொடுத்துவிட்டால் அப்புறம் தபாலில் அலைய வேண்டாம்.