உள் கரண்ட்: இரிடியமா கோபால்ட்டா, எம்.ஆர்.ஐ.யா சி.டி.யா?

போன வாரம் ஜூனியர் ஃபிசிசிஸ்ட் பையன் ஒருத்தன் போன் பண்ணான். "அண்ணே, எங்க டிபார்ட்மென்ட்ல புது பிராக்கி மெஷின் வாங்கப் போறாங்க, இரிடியமா கோபால்ட்டான்னு ஒரே சண்டை, நீங்க எந்தப் பக்கம்?" ரெண்டுலயும் வருஷக்கணக்கா ரேடியேஷன் டோஸ் பிளான் போட்ட ஃபிசிசிஸ்ட்ங்கறதால முக்கா மணி நேரம் பேசிட்டேன், அதையே இங்க எழுதிடறேன்.

தெரியாதவங்களுக்கு: கர்ப்பப்பை வாய் புற்றுநோய்க்கு அஞ்சு வாரம் வெளியில இருந்து ரேடியேஷன் குடுத்துட்டு, அப்புறம் கர்ப்பப்பைக்குள்ளயே குழாய் (அப்ளிகேட்டர்) வச்சு, அதுக்குள்ள இரிடியம், கோபால்ட் மாதிரி கதிர்வீச்சு சோர்ஸை அனுப்பி குடுக்கறதுதான் பிராக்கிதெரபி, சுருக்கமா பிராக்கி. நம்ம ஊர் பேஷண்டுங்க வெளிய குடுக்கறத "கரண்ட்"னும் இதை "உள் கரண்ட்"னும் சொல்வாங்க. கரண்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, ஆனா அந்தப் பேர் நிலைச்சிருச்சு.

முதல்ல பழைய சண்டை ஒண்ணு, எல்.டி.ஆரா (மெதுவா, நாள் கணக்குல குடுக்கறது) எச்.டி.ஆரா (வேகமா, நிமிஷக் கணக்குல குடுக்கறது). சீசியம் வச்சு ரெண்டு நாள் கிட்ட அசையாம படுக்க வைக்கிற காலம் அது. சண்டிகர்ல செஞ்ச ட்ரையல் 1994ல வந்துச்சு, ஜப்பான், தாய்லாந்துலயும் செஞ்சாங்க, பொழைக்கிற விகிதத்துல பெரிய வித்தியாசம் இல்லன்னு ஆச்சு. பத்து இருபது நிமிஷத்துல முடியறத விட்டுட்டு யாரு ரெண்டு நாள் படுப்பா. அது முடிஞ்ச கதை.

இப்ப இரிடியம், கோபால்ட். இரிடியம் 192க்கு அரை ஆயுள், அதாவது வீரியம் பாதியாகற காலம், 74 நாள், கோபால்ட் 60க்கு அஞ்சேகால் வருஷம். மத்த எல்லாமே இதுல இருந்துதான் கிளம்புது. இரிடியம் சோர்ஸ் புதுசா வரும்போது சுமார் 10 கியூரி (கதிரியக்கத்தை அளக்கற அலகு), தினமும் கிட்டத்தட்ட ஒரு சதவீதம் தேயும். புது சோர்ஸ்ல ஏழு நிமிஷத்துல முடியற ட்ரீட்மென்ட் மூணு மாசம் கழிச்சு பதினாறு நிமிஷம் ஆகும். கோபால்ட் 2 கியூரிதான், ஆனா ஒரு கியூரிக்கு இரிடியத்தை விட ரெண்டே முக்கா மடங்கு டோஸ் குடுக்கும். அதனால ஆரம்பத்துல பன்னெண்டு பதிமூணு நிமிஷம், அஞ்சு வருஷ முடிவுல இருபத்தஞ்சு. மெஷின் ஓடும்போது வெளிய கேமராவுல பாத்துட்டு உக்காந்திருக்கற நமக்கு அது ஒண்ணுமில்ல, காலை விரிச்சு குழாயோட படுத்திருக்கற அம்மாவுக்கு அது ரொம்ப நேரம். "தம்பி இன்னும் எவ்ளோ நேரம்"னு இன்டர்காம்ல கேட்பாங்க, ஸ்க்ரீன்ல ஓடற செகண்டைப் பாத்து பதில் சொல்லுவோம்.

"கோபால்ட்டுக்கு எனர்ஜி ஜாஸ்தி, பிளாடரும் (மூத்திரப்பை) ரெக்டமும் (மலக்குடல்) போயிடும்"னு ஒரு பயம் சுத்துது. ரெண்டு மூணு சென்டிமீட்டர் தூரத்துக்குள்ள டோஸ் குறையறதை முக்கியமா தீர்மானிக்கறது தூரத்தோட வர்க்கம்தான், எனர்ஜி இல்ல. ஒரே அப்ளிகேட்டர்ல ஒழுங்கா ஆப்டிமைஸ் பண்ணா ரெண்டு பிளானும் ஏறக்குறைய ஒண்ணுதான். எனர்ஜி வித்தியாசம் உறைக்கறது சுவர்ல. கோபால்ட்டுக்கு கான்க்ரீட் நல்லா கூட வேணும், இரிடியத்துக்குக் கட்டின ரூம்ல அப்படியே கொண்டு போய் வைக்க முடியாது.

அப்புறம் நான் ஏன் கோபால்ட் பக்கம் சாயறேன்னா, கோபால்ட் சோர்ஸ் ஒண்ணே அஞ்சு வருஷம் ஓடும், இரிடியம்னா அஞ்சு வருஷத்துல பதினஞ்சு இருபது தடவை சோர்ஸ் மாத்தணும், ஒவ்வொரு தடவையும் ஆர்டர், ஏ.இ.ஆர்.பி. (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) அனுமதி, கஸ்டம்ஸ், காலிபரேஷன். நான் முன்ன வேலை பாத்த ஒரு இடத்துல சோர்ஸ் பேமென்ட் ஃபைல் யாரோ மேஜையில தூங்கி மூணு வாரம் மெஷின் சும்மா கிடந்துச்சு, வெளிய ரேடியேஷன் முடிச்சவங்க ஓ.பி. பெஞ்சுல வந்து வந்து உக்காந்துட்டு போனாங்க. மொத்த ட்ரீட்மென்டும் எட்டு வாரத்துக்குள்ள முடியணும். அதுக்கு மேல ஒரு வாரம் இழுத்தா ட்யூமருக்குப் போற டோஸ்ல 5 கிரே (டோஸ் அலகு) தொலைஞ்ச மாதிரின்னு ரெட்ரோ எம்பிரேஸ்ங்கற பல நாட்டு ஆய்வு டேட்டாவுல கணக்கு போட்டிருக்காங்க. மெஷின் விலை பேசற மீட்டிங்ல இந்த 5 கிரேயை யாரும் எழுதி வைக்கறதில்ல.

ஆனா ஆராய்ச்சி நெஜமா நகர்ந்தது சோர்ஸ்ல இல்ல, படத்துல. 1938ல மான்செஸ்டர்ல டோஸை அளக்க 'பாயின்ட் ஏ'ன்னு ஒரு புள்ளி வச்சாங்க, கர்ப்பப்பை வாய்கிட்ட இருந்து 2 செ.மீ. மேல, 2 செ.மீ. பக்கத்துல. ட்யூமர் எலுமிச்சை அளவோ கொய்யா அளவோ எல்லாருக்கும் அதே புள்ளி. எக்ஸ்ரே பிலிம்ல பிளான் போட்ட காலத்துல வேற வழியும் இல்ல. 2005, 2006ல ஐரோப்பாவுல ஜெக் எஸ்ட்ரோங்கற பிராக்கி நிபுணர் குழு, புள்ளியை விடு, எம்.ஆர்.ஐ.ல ட்யூமரை வரைஞ்சு அதுக்கு டோஸ் குடுன்னு வழிமுறை போட்டுச்சு. அதை வச்சு நடந்ததுதான் எம்பிரேஸ் 1, 2008ல இருந்து 2015 வரை 1341 பேர், 2021ல ரிசல்ட் வந்துச்சு, அஞ்சு வருஷ லோக்கல் கண்ட்ரோல் (அதே இடத்துல நோய் திரும்பாம இருக்கறது) 92 சதவீதம். இது ட்ரையல் மாதிரி ரெண்டு குரூப் பிரிச்சு பண்ணது இல்ல, அதை மறக்கக் கூடாது. ஆனாலும் பக்கச் சுவர் வரைக்கும் பரவின ஸ்டேஜ் 3பி எல்லாம் சேர்த்து இந்த நம்பர் வர்றது லேசுப்பட்ட விஷயம் இல்ல. பிரான்ஸ்ல 2டி (எக்ஸ்ரே பிலிம் பிளான்), 3டி (ஸ்கேன் பிளான்) ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தாங்க, வெளி ரேடியேஷனும் பிராக்கியும் மட்டும் எடுத்த குரூப்ல கடுமையான பக்க விளைவு 22.7ல இருந்து 2.6 சதவீதத்துக்கு இறங்குச்சு.

எம்.ஆர்.ஐ.க்கு நான் எதிரி இல்ல. ஆனா அப்ளிகேட்டர் உள்ள இருக்கும்போது ஒவ்வொரு தடவையும் எம்.ஆர்.ஐ. எடுக்கணும்னா ஸ்ட்ரெச்சர்ல லிஃப்ட் ஏத்தி, ஸ்கேன் ரூம் கியூவுல நிறுத்தி, அந்த ஆட்டத்துல குழாய் நகராம இருக்க உள்ள வச்ச துணி (காஸ்) பேக்கிங்கே இளகிடும். சி.டி. கீழ்த்தளத்துலயே இருக்கும், குழாயும் பிளாடரும் தெளிவா தெரியும், ட்யூமர் விளிம்பு மட்டும் மங்கல், அதனால பக்கவாட்டுல நிஜத்தை விட அகலமா வரைஞ்சிடுவோம். நடுவழி: முதல் தடவை எம்.ஆர்.ஐ., மிச்சம் சி.டி. இல்லன்னா சி.டி.யோட மலக்குடல் வழியா எடுக்கற டிரான்ஸ்ரெக்டல் அல்ட்ராசவுண்ட், மும்பை டாடா மெமோரியல் ஆளுங்க இதுல நிறைய வேலை பண்ணிருக்காங்க. சி.டி. மட்டும் வச்சு எப்படி வரையணும்னு 2021ல தனி வழிமுறையே வந்துச்சு. கூட்டம் அதிகமா இருக்கற நம்ம ஆஸ்பத்திரிகளுக்கு அதுதான் கைக்கு எட்டும்.

ஊசியை விட்டுட்டேன் பாருங்க, சோர்ஸ் போறதுக்கு ட்யூமருக்குள்ளயே குத்தற ஊசி. பக்கச் சுவர் வரைக்கும் பரவின ட்யூமருக்கு டேண்டமும் (கர்ப்பப்பைக்குள்ள போற குழாய்) ஓவாய்டும் (கர்ப்பப்பை வாய்க்குப் பக்கத்துல வைக்கறது) எவ்ளோ ஆப்டிமைஸ் பண்ணாலும் எட்டாது, நாலஞ்சு ஊசி சேர்த்தாதான் வெளி ரேடியேஷனையும் சேர்த்து மொத்தமா 85, 90 கிரே போய் சேரும். நல்ல படம் எடுத்துட்டு ஊசி போட ஆள் இல்லன்னா, எங்க கம்மியா போகுதுன்னு தெளிவா பாத்துட்டு கையைக் கட்டிட்டு நிக்கறதுதான்.

கடைசியா, "இதெல்லாம் எதுக்கு, எஸ்.பி.ஆர்.டி.லயே பூஸ்ட் குடுத்துடலாமே"னு கேட்கறவங்க. எஸ்.பி.ஆர்.டி.ன்னா வெளியில இருந்தே துல்லியமா குறி வச்சு, சில தடவையில அதிக டோஸ் குடுக்கறது. டெக்சாஸ்ல ட்ரை பண்ணி 15 பேரோட நிறுத்திட்டாங்க, ரெண்டு வருஷ லோக்கல் கண்ட்ரோல் 70 சதவீதம், நாலுல ஒருத்தருக்கு கடுமையான பக்க விளைவு. அமெரிக்காவுல 1988ல 83 சதவீதம் பேருக்கு பிராக்கி நடந்துச்சு, 2009ல அது 58. அதே டேட்டாவுல நாலு வருஷம் கழிச்சு பாத்தா நோயால சாகாம இருந்தவங்க பிராக்கி எடுத்தவங்கள்ல 64 சதவீதம், எடுக்காதவங்கள்ல 51. குழாய் வைக்கவே முடியாத பேஷண்டுக்கு வேணா எஸ்.பி.ஆர்.டி., ஆபரேஷன் தியேட்டர் கிடைக்கலங்கறதுக்காக இல்ல.

பையன்கிட்ட சொன்னேன், கோபால்ட் வாங்கு, மிச்சமாகற காசுல சி.டி. ஸ்லாட்டும் ஊசி செட்டும் கேளு, முடிஞ்சா முதல் தடவைக்கு எம்.ஆர்.ஐ. கேளு. சரின்னான். "உங்க பழைய ரூம் சுவர் எத்தனை சென்டிமீட்டர்டா?"ன்னு கேட்டேன். டேப் எடுத்துட்டு போறேன்ணேன்னான்.