350 ரூபாய்க்கு ஃபுட்பால் மேனேஜர்: ஏமாந்த கதை

ஃபுட்பால் மேனேஜர் 24 என்ற கம்ப்யூட்டர் கேமை (கால்பந்து அணியை மேனேஜராக நாமே நடத்தும் கேம்) டெலிகிராமில் ஒரு ஆளிடம் 350 ரூபாய்க்கு வாங்கினேன். வாங்கினேன் என்று சொல்வதே தப்பு. கைக்கு வந்தது ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையின் ஒரு ஐடியும் பாஸ்வேர்டும்தான். "இறக்கிட்டு ஆஃப்லைன் மோட்ல போட்டுடுங்க ப்ரோ, பாஸ்வேர்டை மட்டும் மாத்தாதீங்க." அதே ஐடி இன்னும் எத்தனை பேரிடம் இருந்ததோ!

கேமில் நாட்ஸ் கவுண்டி என்ற இங்கிலாந்து அணியை எடுத்தேன். 1862-இல் தொடங்கிய கிளப், நான்காம் நிலை லீக்கான லீக் டூவில் கிடந்தது. ஆறாவது சீசனில் முதல் நிலையான பிரீமியர் லீக். அகாடமியில் வந்த பதினாறு வயசுப் பையன் (கேமே உருவாக்கிய பையன்தான், ஆனாலும் என் பிள்ளை) கேப்டன் ஆகிவிட்டான். ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்துகொண்டு லெஃப்ட் பேக்காக யாரை இறக்கலாம் என்று யோசிப்பேன். இந்த வியாதி உள்ளவர்களுக்குப் புரியும்.

2025 ஜனவரியில், "எஃப்எம் 25 முன்பதிவு 400தான்" என்றார் அதே ஆள். எஃப்எம் 25 என்பது இதே கேமின் அடுத்த பதிப்பு. கொடுத்தேன். பிப்ரவரியில் கேமைத் தயாரிக்கும் ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ் நிறுவனம் அந்த கேமையே ரத்து செய்தது. முறையாக முன்பதிவு செய்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாகவும் அறிவித்தது. நம்ம ஆளோ, "சர்வர் பிரச்னை ப்ரோ, மார்ச்ல வந்துடும்" என்றார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஒன்பதாவது சீசன் நடுவில் ஸ்டீம் மறுபடி லாகின் கேட்டது. பாஸ்வேர்ட் மாறியிருந்தது. "ரீஆக்டிவேஷன் 200." கொடுத்தேன். மூன்று வாரத்தில் திரும்பவும் பூட்டு. இந்த முறை, "சேவ் ஃபைல் அக்கவுண்ட்டோட போயிடும், மீட்டுத் தர 300." சேவ் ஃபைல் என்றால் அதுவரை ஆடியதெல்லாம் பதிவாகியிருக்கும் ஃபைல். அதையும் கொடுத்தேன். ஒன்பது சீசன் ஆடியவன் அதை விட்டுவிட்டு எழுந்து போக மாட்டான் என்பது அந்த ஆளுக்கு அத்துப்படி. பணம் போனதும் என்னை பிளாக் செய்துவிட்டார்.

சேவ் ஃபைல் எங்கேயும் போகவில்லை. டாக்குமெண்ட்ஸில் ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ் ஃபோல்டருக்குள், 'கேம்ஸ்' என்ற இடத்தில், என் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. நீங்களும் இப்படி மாட்டியிருந்தால், முதலில் அதை ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்து வையுங்கள்.

ஸ்டீமிடம் புகார் சொல்லவும் வழியில்லை. அக்கவுண்ட் விற்பதே அவர்கள் விதிப்படி குற்றம். சொந்தமாக வாங்கியிருந்தால், 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்டிருக்கலாம். சைபர் கிரைம் உதவி எண் 1930-இல் யுபிஐ விவரத்தோடு புகார் கொடுத்திருக்கிறேன்.

மொத்தம் 1,250 ரூபாய். அடுத்த தள்ளுபடியில் என் பெயரிலேயே வாங்கினேன். பழைய சேவ் ஃபைல் அப்படியே திறந்தது. பையனுக்குத்தான் தொடையில் காயம், ஆறு வாரம் ஆட முடியாது.