9.8 வராத ஊசல்: பி.எஸ்ஸி. இயற்பியல் படிப்பு குறித்து ஒரு பழைய மாணவரின் அனுபவப் பகிர்வு

பிளஸ் டூ முடிவுகள் வந்த வாரத்தில், என்னுடன் பணியாற்றும் அண்ணன் ஒருவர் தம் மகளைச் சேலத்திலேயே பி.எஸ்ஸி. இயற்பியலில் சேர்க்கலாமா என்று கேட்டார். அதே வாரத்தில், நாங்கள் வேலை செய்யும், அளவுக்கருவிகளின் துல்லியத்தைச் சரிபார்க்கும் கேலிபரேஷன் ஆய்வகத்துக்கு, அந்தப் பட்டத்தை அண்மையில் முடித்த இளைஞர்கள் சிலர் நேர்முகத் தேர்வுக்கு வந்திருந்தார்கள். எல்லோரும் முதல் வகுப்பில் தேறியவர்கள். ஓர் எடைக்கல்லைத் தராசில் பலமுறை நிறுத்து முடிவை எழுதித் தரச் சொன்னோம். கால்குலேட்டர் காட்டிய அத்தனை தசம இலக்கங்களையும் எழுதித் தந்தார்களே தவிர, அந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று ஒருவர்கூட எழுதவில்லை. அந்தத் தாள்களைப் பார்த்த மனநிலையில்தான் இதை எழுதுகிறேன் என்பதை வாசிப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

படிப்பின் அமைப்பு பெரும்பாலோருக்குத் தெரிந்ததே. ஆறு பருவங்கள்; பகுதி ஒன்றில் தமிழ், பகுதி இரண்டில் ஆங்கிலம், பகுதி மூன்றில் இயற்பியல் முதன்மைப் பாடங்களும் கணிதம், வேதியியல் ஆகிய அலைடு (துணை) பாடங்களும்; எஞ்சியவை சுற்றுச்சூழல் கல்வி, திறன்சார் தாள்கள், விரிவாக்கப் பணி எனப் பிரிந்து 140 கிரெடிட்டுகளில் முடியும். கணினிப் பயன்பாட்டை இணைத்த இயற்பியல், மின்னணுவியல் ஆகியவற்றைத் தனிப் பட்டங்களாக நடத்தும் கல்லூரிகளும் உண்டு. ஊரை விட்டு அனுப்பத் தயங்காத பெற்றோர், ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். நடத்தும் திருப்பதி, திருவனந்தபுரம் ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி) நிறுவனங்களையும், நெஸ்ட் நுழைவுத் தேர்வு வழியாகச் சேர்க்கும் புவனேசுவரத்து நைசரையும் (தேசிய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்), பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் நான்காண்டுப் படிப்பையும், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தின் ஒருங்கிணைந்த எம்.எஸ்ஸி.யையும் பார்க்கலாம். ஆசிரியப் பணிதான் இலக்கு என்றால், மைசூரு மண்டலக் கல்வி நிறுவனத்தில் பட்டத்தையும் பி.எட்.டையும் நான்கே ஆண்டுகளில் சேர்த்து முடிக்க முடியும். இந்த விவரங்கள் எல்லாம் விண்ணப்பக் காலத்தில் எளிதாகக் கிடைப்பவை. பட்டத்தைச் சுமந்துகொண்டு வேலைக்குப் போன பிறகு அதில் எது உழைத்தது, எது உழைக்கவில்லை என்பதை யாரும் சொல்வதில்லை. நான் சொல்ல விரும்புவது அதைத்தான்.

உழைத்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் ஆண்டு இருட்டறையில், ஒளியை நிறங்களாகப் பிரித்து அளக்கும் நிறமாலைமானியின் முன் உட்கார்ந்த பிற்பகல்களை நான் மறக்கவில்லை. சோடியம் ஆவி விளக்கு சூடாகி மஞ்சளாக மாறும்வரை காத்திருந்து, தொலைநோக்கியைத் தொலைவிலுள்ள பொருளுக்குக் குவித்து, இணையாக்கியைச் சரிசெய்து, முப்பட்டக மேசையின் மூன்று திருகுகளையும் மாற்றி மாற்றித் திருகிச் சமன்செய்து முடிப்பதற்கே பாதி நேரம் போய்விடும். நுண்கோடுகள் நிறைந்த தகடான கீற்றணியை வைத்து, அது ஒளியைப் பிரித்துத் தரும் முதல் வரிசையில் பார்த்தபோது தடித்த ஒரு மஞ்சள் கோடுதான் தெரிந்தது. பிளவைக் குறுக்கிவிட்டுத் தொலைநோக்கியை இரண்டாம் வரிசைக்கு நகர்த்தும்படி ஆசிரியர் சொன்னார். அந்த ஒரு கோடு இரண்டாகப் பிரிந்து நின்றது: 589.0 நானோமீட்டரில் ஒன்று, 589.6 நானோமீட்டரில் மற்றொன்று. எலக்ட்ரானின் சுழற்சிக்கும் அது அணுவைச் சுற்றும் இயக்கத்துக்கும் இடையிலான பிணைப்பினால் அந்த இடைவெளி பிறக்கிறது என்பதை அணு இயற்பியல் தாளில் அடுத்த ஆண்டு படித்தேன். அந்தப் பாடம் வந்தபோது வகுப்பில் எனக்கு மட்டும் அது ஏற்கெனவே கண்ணால் கண்ட செய்தியாக இருந்தது. அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலப் பாடநூல்களோடு முட்டிமோதிய எங்களில் பலருக்கு ஆய்வகம் ஒன்றுதான் சமமான களமாக இருந்தது. வெர்னியர் அளவுகோல் யாரிடமும் ஆங்கிலம் கேட்பதில்லை.

இன்றுவரை எனக்குச் சினமூட்டுவதும் அதே ஆய்வகத்தில்தான் இருந்தது. முதலாண்டில் கூட்டு ஊசல் சோதனை எல்லோருக்கும் உண்டு. துளைகளிட்ட ஒரு மீட்டர் உலோகப் பட்டையைக் கத்திமுனையில் தொங்கவிட்டு, ஒவ்வொரு துளைக்கும் 20 அலைவுகளுக்கான நேரத்தைக் குறித்து, தொலைவுக்கும் அலைவுநேரத்துக்கும் வரைபடம் வரைந்தால் சமச்சீரான இரண்டு வளைவுகள் வரும். கிடைக்கோடு ஒன்றை வரைந்து சமான ஊசலின் (அதே அலைவுநேரம் கொண்ட தனி ஊசலின்) நீளத்தை எடுத்து, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். விடை 9.8 (மீட்டர்/நொடி²) வந்தாக வேண்டும். 9.7 என்றோ 9.9 என்றோ எழுதிய ரெக்கார்ட் நோட்டு கையொப்பமின்றித் திரும்பி வரும். இதனால், விடையை முதலில் முடிவுசெய்துகொண்டு அதற்கேற்ற நேரங்களை அட்டவணையில் நிரப்பும் வழக்கம் ஒரு தொகுதி மாணவர்களிடமிருந்து அடுத்த தொகுதிக்குக் கைமாறி வந்துகொண்டிருந்தது. மூத்த மாணவர்களின் நோட்டுகள் அதற்காகவே பாதுகாக்கப்பட்டன.

இதில் எனக்குப் பொறுக்க முடியாத ஒன்று உண்டு. சேலத்தின் உண்மையான மதிப்பு 9.80 அன்று. புவி தன்னைத்தானே சுற்றுவதாலும் நிலநடுக்கோட்டுப் பகுதியில் புடைத்திருப்பதாலும் ஈர்ப்பு முடுக்கம் துருவங்களில் 9.83 ஆகவும், நிலநடுக்கோட்டில் 9.78 ஆகவும் இருக்கிறது. நூல்களில் தரப்படும் 9.80665 என்ற திட்ட மதிப்பு ஏறத்தாழ 45 பாகை அட்சரேகைக்குப் பொருந்துவது. நம் ஊர் 12 பாகைக்கும் கீழே, கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவு உயரத்தில் இருப்பதால் இங்கே அது 9.78 அளவில்தான் இருக்கும். நேர்மையாக அளந்து 9.78 கண்ட மாணவர் எவரேனும் இருந்தால், சரியான விடையைத் திருத்திப் பொருந்தாத விடையாக்கும்படி அவருக்குச் சொல்லப்பட்டிருக்கும்.

அந்த ஊசலால் 9.78ஐயும் 9.80ஐயும் பிரித்தறிய முடியுமா என்பது அதைவிட முக்கியமான கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் ஆய்வகம் இருக்கிறது. 20 அலைவுகளுக்கு ஏறத்தாழ 32 நொடிகள் ஆகும். நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தும் விரலின் தாமதம் 0.2 நொடி என்று வைத்துக்கொண்டால் நேரத்தில் 0.6 விழுக்காடு பிழை வருகிறது. சூத்திரத்தில் அலைவுநேரம் இருமடியாக வருவதால் விடையில் பிழை இரட்டிப்பாகி 1.2 விழுக்காட்டைத் தொடும், அதாவது 9.8இல் 0.12. ஆகவே 9.7 என்று எழுதியவரும் 9.9 என்று எழுதியவரும் ஒரே விடையைத்தான் எழுதியிருக்கிறார்கள். இருவரின் நோட்டும் திரும்பி வந்திருக்கக் கூடாது. நோட்டில் கூட்டல் கழித்தல் குறியிட்டு அந்த 0.12ஐ எழுதச் சொல்லியிருந்தால் போதும், மூன்றாண்டுப் படிப்பின் தரமே மாறியிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

ஏற்காடு மலையின் அடிவாரத்தில் இருக்கும் ஊருக்கு இதற்கு மேலும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வேறுபாடு ஏறத்தாழ 1,200 மீட்டர். மேலே போனால் ஈர்ப்பு முடுக்கம் குறையும். ஆனால் மலையின் நிறையே ஒரு பங்கை ஈடுசெய்துவிடுவதால் நிகரக் குறைவு ஏறத்தாழ பத்தாயிரத்தில் மூன்று பங்குதான். இதை எங்கள் ஊசலில் காண வேண்டுமானால், 32 நொடியில் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஐந்து பங்கைப் பிரித்தறிய வேண்டும். விரலால் இயலாத செயல். ஆனால் நல்ல மின்னணுத் தராசு இதைப் பார்த்துவிடும். சேலத்தில் சரிசெய்த தராசை அப்படியே ஏற்காட்டுத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் 10 கிலோ மிளகை நிறுத்தால் ஏறத்தாழ 3 கிராம் குறைத்துக் காட்டும். துல்லியமான தராசுகளை வைக்கும் இடத்திலேயே மறுபடி சரிசெய்வது இதற்காகத்தான். இது என் அன்றாட வேலை. இந்த வேலைக்குத் தேவையான இயற்பியல் முழுவதும் முதலாண்டிலேயே எனக்குக் கற்பிக்கப்பட்டுவிட்டது. ஓர் அளவீட்டை எவ்வளவு நம்பலாம் என்று கேட்கும் பழக்கம் மட்டும் கற்பிக்கப்படவில்லை. தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை இங்கே 99 பாகை செல்சியசுக்கு அருகிலும் அங்கே 95 பாகைக்கு அருகிலும் இருப்பதை ஒரு வெப்பமானியையும் ஒரு பேருந்துப் பயணத்தையும் கொண்டு காட்டிவிடலாம். நான் படித்த காலத்தில் ஏற்காட்டுக்கு நாங்கள் போனது சுற்றுலாவாக மட்டுமே.

காந்த முள்ளின் விலகலைக் கொண்டு அளக்கும் விலகல் காந்தமானிச் சோதனையிலும் இதே கதைதான். புவிகாந்தப் புலத்தின் கிடைத்தளக் கூறு 0.38 × 10⁻⁴ டெஸ்லா என்று கரும்பலகையில் எழுதிவிடுவார்கள். இரும்புக் கால் மேசைகளும் எஃகு அலமாரிகளும் நிறைந்த அறையில் அந்த மதிப்பு மேசைக்கு மேசை மாறும் என்பதை முள்ளே காட்டிக்கொண்டிருந்தது. அதைப் பதிவுசெய்ய ரெக்கார்ட் நோட்டில் இடமில்லை.

நியாயமாகவும் சொல்ல வேண்டும். அளவீட்டுப் பிழைகளும் அவை கணக்கில் பரவும் விதமும் நம் பதினோராம் வகுப்பு இயற்பியலின் முதல் அலகிலேயே இருக்கின்றன; எனவே குறை பாடத்திட்டத்தில் இருப்பதாக நான் கருதவில்லை. எங்கள் ஆசிரியர்கள் இதை அறியாதவர்களும் அல்லர். சில நிறமாலைமானிகளை ஒரு வகுப்பு முழுவதும் பகிர்ந்துகொள்ள வேண்டிய நிலையில், குறைந்த ஊதியத்தில் நிறைந்த பணிச்சுமையுடன் நிற்கும் கௌரவ விரிவுரையாளர் ஒருவர், நோட்டுகளைத் திருத்தும்போது சூத்திரத்தையும் வரைபடத்தையும் விடையையும் மட்டும் பார்ப்பது புரிந்துகொள்ளக் கூடியதே. செய்முறைத் தேர்வில் வெளித் தேர்வாளர் முன் மாணவருக்கு மதிப்பெண் குறைந்துவிடக் கூடாது என்ற அக்கறையும் அதில் இருந்தது. அந்த அக்கறையை மதிக்கிறேன். அதனால் விளைந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. பொருந்தாத அளவீட்டை மறைப்பதற்கு ஒரு தலைமுறையை நாம் பழக்கிவிட்டோம்; பொருந்தாத அளவீட்டிலிருந்துதான் இயற்பியலே வளர்ந்தது.

மற்ற தாள்களைப் பற்றி விரிவாகச் சொல்ல அதிகமில்லை. பருப்பொருளின் பண்புகள், வெப்ப இயற்பியல், ஒளியியல் ஆகிய மூன்றும் எனக்கு இன்றும் சோறு போடுகின்றன. அலைடு கணிதம் முதன்மைப் பாடத்தின் வேகத்துக்குப் பின்னால் வந்தது. மின்காந்தவியலில் வெக்டர் வகையிடல் தேவைப்பட்டபோது கணித வகுப்பில் அது இன்னும் தொடங்கியிருக்கவில்லை. குவாண்டம் இயங்கியலை விடைகளாக மனப்பாடம் செய்தோம். மின்னணுவியல் ஆய்வகம் நன்றாக இருந்தது. எம்.எஸ்ஸி.க்கு ஐஐடிகளில் சேர ஜாம் நுழைவுத் தேர்வு எழுத நினைப்பவர்கள், வகுப்புப் பாடத்தை மட்டும் நம்பாமல் இரண்டாம் ஆண்டிலிருந்தே கணக்குகளைத் தாமாகப் போட்டுப் பழக வேண்டும். ஐஐடி ஆசிரியர்கள் பாடம் நடத்தும் என்பிடெல் இணையக் காணொளிகள் அதற்கு மிகவும் உதவும்.

செலவு குறித்து அந்த அண்ணனுக்குக் கவலை இருந்தது. அரசுக் கலைக் கல்லூரியில் இடம் கிடைத்தால் அது பெரும் சுமையாகாது. மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தவர் என்பதால், 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதற்கு நான் சொன்ன வழி ஒன்றே ஒன்று. துறைத்தலைவரிடம் பணிவாகக் கேட்டு, சென்ற ஆண்டு முதலாண்டு மாணவர்களின் ரெக்கார்ட் நோட்டுகளைப் புரட்டிப் பாருங்கள். கூட்டு ஊசல் பக்கத்தில் 9.71, 9.84, 9.78 என்று விடைகள் சிதறியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள். எல்லா நோட்டிலும் 9.8 இருந்தால் அடுத்த கல்லூரிக்குப் பேருந்து ஏறுங்கள்.

“அப்படி எங்கேயுமே இல்லைன்னா என்னங்க பண்றது?” என்று அவர் கேட்டார். இயற்பியல் எனக்குத் தொழில் தந்தது. என் சிந்தனையை ஒழுங்குசெய்தது. அந்த இரண்டு மஞ்சள் கோடுகளைக் காட்டியது. இவ்வளவையும் சொன்ன பிறகும், சேர்க்க வேண்டாம், கணிதத்தில் சேர்த்துவிடுங்கள் என்றே அவருக்குப் பதில் சொன்னேன். கணிதத்தில் விடையை முன்பே எழுதிவைத்துவிட்டு அதற்கு அளவீடு தேடும் வேலை இல்லை. அந்தத் தாள்களை நான் பார்க்காதிருந்தால் வேறு பதில் சொல்லியிருக்கலாம். இப்போதைக்கு என் பதில் இதுதான்.

அவர் மகளோ விண்ணப்பத்தில் இயற்பியலையே முதல் விருப்பமாக எழுதிவிட்டாராம். அப்படியானால் அவருக்கும், இந்த ஆண்டு சேரும் மற்றவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: கூட்டு ஊசலில் 20 அலைவுகளோடு நிறுத்தாதீர்கள். வீச்சைச் சிறிதாக வைத்துக்கொண்டு 100 அலைவுகளை எண்ணுங்கள். மொத்த நேரம் 160 நொடிகளாகும். விரலின் பிழையோ அதே 0.2 நொடிதான். முடுக்கத்தில் பிழை 0.025 அளவுக்கு இறங்கிவிடும். அதையே நான்கைந்து முறை செய்து சராசரி எடுத்து, நீளத்தையும் அரை மில்லிமீட்டருக்குள் அளந்தால், 9.78உம் 9.80உம் உங்கள் மேசையிலேயே பிரிந்து தெரியத் தொடங்கும். கிடைத்த எண்ணை அதன் பிழையோடு சேர்த்து மையில் எழுதுங்கள்; நோட்டு திரும்பி வந்தால் கணக்கைக் காட்டி ஆசிரியரிடம் பேசுங்கள்.