நான்கு குறுநாடகங்கள், ஒரே புத்தகம்

நாடகங்களுக்கு லைட்டிங் செய்வது என் வேலை. எந்த ஸ்கிரிப்டைப் படித்தாலும் எத்தனை விளக்கில் முடிக்கலாம் என்றுதான் மனது முதலில் கணக்குப் போடும். பிரிட்டிஷ் நாடகாசிரியர் கேரில் சர்ச்சிலின் இந்த நான்கு நாடகங்களும் அந்தக் கணக்கில் ரொம்பச் சிக்கனம். 2019இல் லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் ஒரே மாலையில் மேடையேறியவை. அப்போது அவருக்கு எண்பது தாண்டிவிட்டது!

என்னை அசத்தியது 'கில்'. மேகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் கிரேக்கக் கடவுள்கள் பேசுகிறார்கள். அத்தனை பேருக்கும் ஒரே நடிகர்தான். அப்பன் மகளைப் பலி கொடுத்தான், அதற்காக மனைவி அவனைக் கொன்றாள், அதற்காக மகன் தாயைக் கொன்றான் என்று மூச்சுவிடாமல் கொட்டுகிறது பேச்சு. தாங்கள் மனிதர்களின் கற்பனைதான் என்று சொல்லி, கடவுள்களே கைகழுவிக்கொள்கிறார்கள். நம் ஊர்க் கூத்துக் கலைஞர் யாராவது இதைப் பேசிக் கேட்க ஆசை.

'கிளாஸ்' கண்ணாடியாலான ஒரு பெண்ணின் கதை, பத்துப் பதினைந்து நிமிடம். கண்ணாடி வேஷமெல்லாம் போட்டுக் கெடுத்துவிடாதீர்கள். 'புளூபியர்ட்ஸ் ஃபிரண்ட்ஸ்' மனைவிகளைக் கொன்றவனின் நண்பர்கள் ஒயின் குடித்தபடி பேசுவது, கசப்பான சிரிப்பு. கடைசியில் வரும் 'இம்ப்' கொஞ்சம் நீளம். புதிய குழுவென்றால் அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பிடித்துப்போனால் 2021இல் வந்த அவருடைய 'வாட் இஃப் இஃப் ஒன்லி'யையும் தேடிப் படியுங்கள். சுமார் இருபது நிமிடம்தான். மேடையேற்ற உரிமம் வாங்க வேண்டும். வீட்டில் நண்பர்களோடு வாசிக்க நாலு நாற்காலி போதும்.