பழைய ஹைலக்ஸா, புதிய ஹைலக்ஸா: எது கைவிடாது?

வன்னியில் பிக்கப் வாங்க நினைக்கிற யாருக்கும் முதலில் கிடைக்கிற ஆலோசனை ஒன்றுதான். "பழைய ஹைலக்ஸைப் பார்த்து எடு தம்பி. புதுசு முழுக்கக் கொம்பியூட்டர். காட்டுக்குள்ள நிண்டா ஒண்டும் செய்யேலாது." சொல்பவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு பேச்சை நம்பி, உள்ளே அரித்துப்போன சேஸி (அடிச்சட்டம்) உள்ள வாகனத்துக்கு இலட்சக்கணக்கில் கொட்டிக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஹைலக்ஸில் மிகப் பழசையும் நம்பலாம், மிகப் புதுசையும் நம்பலாம். நடுவிலே வந்த தலைமுறையிடம்தான் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

டொயோட்டாவின் ஹைலக்ஸ் பிக்கப் 1968 முதல் வருகிறது. இன்று நம் பக்கம் விலை பேசப்படுகிற வண்டிகளை மூன்றாகப் பிரித்தால் போதும். முதலாவது, 1988இல் வந்த எல்.என்.106உம் அதற்குப் பிறகு 1997இல் வந்த ஆறாம் தலைமுறையும். 2.8 லீற்றர் 3எல், 3 லீற்றர் 5எல் என்ற டீசல் எஞ்சின்கள் இவற்றில்தான் இருக்கின்றன. இரண்டாவது, 2004இல் தாய்லாந்தில் அறிமுகமான விகோ. அதில் 3 லீற்றர் 1கேடி, 2.5 லீற்றர் 2கேடி. மூன்றாவது, 2015இல் வந்த எட்டாம் தலைமுறை, நம் ஆட்கள் ரெவோ என்று சொல்வது. அதில் 2.8 லீற்றர் 1ஜிடி, 2.4 லீற்றர் 2ஜிடி.

பழசு என்றதும் எல்லாவற்றையும் ஒரே கூடைக்குள் போடக்கூடாது என்பதற்கு ஓர் உதாரணம்: ஆறாம் தலைமுறையிலேயே 1கேஇஸட் என்ற 3 லீற்றர் டர்போ எஞ்சினும் வந்தது. சிலிண்டர்களை மேலே மூடும் அதன் சிலிண்டர் ஹெட் அலுமினியம். தண்ணீர் குறைந்து ஒருமுறை நன்றாகச் சூடேறினால் ஹெட் வெடிப்பது அதன் ஊரறிந்த பலவீனம். வெளியில் பார்க்க 5எல் வண்டியும் இதுவும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பொனட்டைத் திறந்து எந்த எஞ்சின் என்று பார்க்காமல் "பழைய ஹைலக்ஸ்தானே" என்று வாங்கினால் பிறகு கவலைப்பட வேண்டிவரும்.

5எல்: ஏன் இவ்வளவு பெயர்?

டர்போ இல்லை. டீசலை மிக உயர்ந்த அழுத்தத்தில் கொம்பியூட்டர் மூலம் அனுப்பும் கொமன் ரெயில் முறை இல்லை. டீசலை அளந்து அனுப்புவது முழுக்க இயந்திர வேலையில் ஓடும் ஒரு சுழல் பம்ப். எஞ்சின் தொடர்ந்து ஓடுவதற்கு வேண்டிய மின்சாரம், பம்பிலுள்ள சொலினொயிட் என்ற மின் வால்வுக்குப் போகிற ஒரேயொரு வயர் மட்டும். வயரிங் முழுவதும் எரிந்துபோனாலும் பற்றரியிலிருந்து அந்த இடத்துக்கு ஒரு வயரை இழுத்து, தள்ளிக் கிளப்பி வீடு வந்து சேரலாம். டீசல் லைனுக்குள் காற்றுப் புகுந்தால் ஃபில்ட்டருக்கு மேலேயுள்ள கைப் பம்பை அழுத்தி வெளியேற்றலாம். டீசலைத் தூவும் நாசில் தேய்ந்தால் நாசிலை மட்டும் மாற்றலாம். நாசில் திறக்கும் அழுத்தம் 'பார்' என்ற அளவில் நூற்றுச் சொச்சம்தான் என்பதால், கிளிநொச்சியிலுள்ள சாதாரண பம்ப் கடையிலேயே சோதித்துச் சரிசெய்துவிடலாம்.

இதைவிட முக்கியமானது, அது பழுதாகும் விதம். 5எல் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் பழுதாகும். காலையில் கிளம்பப் பஞ்சிப்படும். கறுப்புப் புகை வரும், பிறகு நீலப் புகை. ஒயில் குடிக்கத் தொடங்கும். மேட்டில் இழுவை குறையும். இந்த அறிகுறிகள் மாதக்கணக்கில், சிலவேளை வருடக்கணக்கில் தெரிந்துகொண்டே இருக்கும். நெல் வெட்டு முடியட்டும், அதற்குப் பிறகு எஞ்சினை இறக்கலாம் என்று திட்டமிட அவகாசம் தரும். வாகனத்தை வைத்துப் பிழைப்பவருக்கு இந்த அவகாசம் பெரிய விஷயம்.

வடக்கில் எளிய எஞ்சின்மேல் இருக்கும் பற்றுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மொரிஸ் மைனரும் ஒஸ்டினும் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெற்றோல் விட்டுக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். உதிரிப்பாகமும் எரிபொருளும் வராத வருடங்களைக் கடந்து வந்த சமூகம், கையால் கழற்றிப் பூட்ட முடிந்த இயந்திரத்தைத்தான் நம்பும். அந்த நம்பிக்கையை அறியாமை என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

சரி, குறைகள் என்ன? நூறு குதிரைத்திறன்கூட இல்லை. பாரம் ஏற்றினால் ஊர்ந்துதான் போகும். எல்.என்.106இல் காற்றுப் பை கிடையாது, அடிபட்டால் காப்பாற்ற அதிகம் எதுவுமில்லை. டைமிங் பெல்ட்டைச் சுமார் ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அறுந்தால் வால்வுகளும் பிஸ்டனும் மோதும். முப்பது வருடத்தில் ஐந்தாறு கை மாறிய வண்டியில் அந்தப் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. வாங்கியதும் முதல் செலவு அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இன்று வீதியில் நாம் பார்க்கும் பழைய ஹைலக்ஸ்கள் தப்பிப் பிழைத்தவை. அதே வருடம் வந்து, வெடித்து, உருகி, இரும்புக் கடைக்குப் போனவை நம் கண்ணில் படுவதில்லை. "முப்பது வருசமா ஓடுது" என்று ஒரு வண்டியைக் காட்டினால், அந்த ஒரு வண்டியைப் பற்றித்தான் அது நமக்குச் சொல்கிறது.

எஞ்சினுக்கு முன்னே சாகும் சேஸி

பழைய பிக்கப்பைக் கொல்வது பெரும்பாலும் துரு. அமெரிக்காவில் டொயோட்டாவின் டகோமா, டன்ட்ரா பிக்கப்களிலும் செக்வோயா வாகனங்களிலும் சேஸி துருப்பிடித்து ஓட்டையாகி, 2016இல் ஏறத்தாழ 15 இலட்சம் வாகனங்களுக்கு 340 கோடி டொலர்வரை போகக்கூடிய இணக்கப்பாட்டுக்கு நிறுவனம் வந்தது. அங்கே எதிரி, பனிக்காலத்தில் வீதியில் தூவும் உப்பு. நமக்கு உப்பைத் தூவ யாரும் வேண்டாம். முல்லைத்தீவிலோ பருத்தித்துறையிலோ மீன் ஏற்றிய பிக்கப் ஒன்றின் அடியில் படுத்துப் பாருங்கள். மீன் பெட்டியில் உருகிய ஐஸ் தண்ணீர் பின்பெட்டியின் இடுக்குகளால் இறங்கிச் சேஸியின் மேல் விளிம்பில் தேங்கும். பெயின்ட் வெளியே பளபளக்கும், இரும்பு உள்ளே இருந்து தகடு தகடாகக் கழன்றுகொண்டிருக்கும். எஞ்சினை இறக்கிச் செய்துவிடலாம். சேஸி போனால் வண்டி போனதுதான். ஒட்டுப்போட்ட சேஸியில் பாரம் ஏற்றி நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போவதை என்னால் ஏற்க முடியாது.

விகோ: கவனம் வேண்டிய இடம்

1கேடி நல்ல எஞ்சின். இழுவை உண்டு, 5எல்லோடு ஒப்பிட்டால் வேறு உலகம். ஆனால் அதில் ஒரு குறிப்பிட்ட குறை இருக்கிறது. டீசலைச் சிலிண்டருக்குள் தூவும் இன்ஜெக்டர், சிலிண்டர் ஹெட்டில் உட்காரும் இடத்திலே ஒரு சிறிய வாஷர் உண்டு, சீல் செய்வதற்கு. காலப்போக்கில் அது கசியத் தொடங்கும். எரிந்த வாயு மேலே ஏறி ஒயிலோடு கலக்கும். ஒயில் தார்போலக் கெட்டியாகிக் கரித்துணுக்குகள் சேரும். அவை எஞ்சினுக்கு அடியில் ஒயிலை உறிஞ்சும் வலையை அடைக்கும். ஒருநாள் ஒயில் அழுத்தம் விழும், பெயரிங்குகள் போகும், எஞ்சினே முடிந்துவிடும். அவுஸ்திரேலியாவில் இதே எஞ்சினுள்ள ஹைலக்ஸ், பிராடோ சொந்தக்காரர்களிடையே மிகவும் பேசப்பட்ட விஷயம் இது. மலிவான வாஷரை நேரத்துக்கு மாற்றாததால் முழு எஞ்சினையே இழக்கிற கதை.

இதில் எனக்கு ஆற்றாமை என்னவென்றால், முன்னறிவிப்பு மிகக் குறைவு. ஓடும்போது வித்தியாசம் தெரியாது. காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது வரும் கடகட சத்தம், ஒயில் மூடியைத் திறந்தால் தெரியும் கரி, எஞ்சின் கொம்பியூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் நான்கு இன்ஜெக்டர்களும் காட்டும் திருத்த எண்களுக்கிடையிலுள்ள இடைவெளி, இவ்வளவுதான் தடயம். 5எல்லின் பொறுமையும் இதில் இல்லை, 1ஜிடியின் புதுமையும் இல்லை. இன்று சந்தையில் இருக்கும் விகோக்கள் பத்து முதல் இருபது வருடம் பழையவை. பழைய வண்டியின் தேய்மானமும் புதிய வண்டியின் இன்ஜெக்டர் செலவும் ஒரே வாகனத்தில் சேர்ந்திருக்கின்றன. இதற்கும் டைமிங் பெல்ட்தான், 150,000 கிலோமீற்றர்.

ஆனால் வாஷரும் இன்ஜெக்டரும் மாற்றிய பற்றுச்சீட்டு, ஒயில் வலையைக் கழற்றிச் சுத்தம் செய்த விபரம் எல்லாம் வைத்திருக்கும் ஒருவரிடம் விகோ கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். காகிதம் இல்லாத விகோவை விட்டுவிடுங்கள்.

1ஜிடி: குற்றச்சாட்டும் தீர்ப்பும்

புதிய ஹைலக்ஸைப் பற்றி உலகளவில் எழுந்த பெரிய முறைப்பாடு டி.பி.எஃப். எனப்படும் புகைக்கரி வடிகட்டி. கரியைப் பிடித்து வைத்து, இடையிடையே ஏறக்குறைய 600 பாகை வெப்பத்தில் எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் அமைப்பு அது. அவுஸ்திரேலியாவில் 2015 ஒக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை விற்ற ஹைலக்ஸ், ஃபோர்ச்சூனர், பிராடோ என 264,170 வாகனங்களில் இந்த அமைப்புக் குறைபாடுள்ளது என்று அந்நாட்டுச் சமஷ்டி நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. வெள்ளைப் புகை, நாற்றம், மீண்டும் மீண்டும் எரியும் எச்சரிக்கை விளக்கு, கூடுதல் டீசல். வழக்கமாக "நெடுஞ்சாலையில் நல்லா ஓட்டினா டி.பி.எஃப். சுத்தமாகிடும்" என்பார்கள். இந்த வாகனங்களிலோ, தொடர்ந்து மணிக்கு 100 கிலோமீற்றர் அளவில் ஓட்டியபோதுதான் பிரச்சினை வந்தது. 2020இல் டொயோட்டா திருத்தம் கொண்டுவந்தது.

இரண்டாவது முறைப்பாடு புழுதி. அவுஸ்திரேலியாவின் செம்மண் பாதைகளில் நுண்ணிய தூசி காற்று ஃபில்ட்டரைத் தாண்டிப் போய், காற்றின் அளவைப் பார்க்கும் சென்சாரில் படிந்தது. சென்சார் தவறான கணக்குக் கொடுக்க, எஞ்சின் வேகத்தைச் சுருக்கிக்கொண்டது. பிறகு ஃபில்ட்டரை மாற்றியமைத்தார்கள். வன்னிக் கிரவல் ரோட்டில் ஓட்டுபவர் இதை மனதில் வைக்க வேண்டும். புழுதிக் காலத்தில் சர்வீஸ் புத்தகத்தில் இருப்பதற்கு முன்பாகவே ஃபில்ட்டரைப் பாருங்கள், விலை குறைந்த போலி ஃபில்ட்டரைத் தொடாதீர்கள்.

"புதுசு நடுவழியில் நிற்கும்" என்ற பேச்சுக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. நின்றதாகச் சொல்லப்படும் பல சந்தர்ப்பங்களில் எஞ்சின் பழுதாகவில்லை. ஏதோ ஒரு சென்சார் கொடுத்த கணக்குச் சரிவராததால், எஞ்சினைக் காப்பாற்றக் கொம்பியூட்டர் சக்தியைக் குறைத்திருக்கிறது. மெதுவாக ஓட்டி வீட்டுக்கு வரலாம். 5எல் அப்படிச் செய்யாது. ரேடியேற்றர் ஒழுகினாலும், ஓட்டுபவர் மீற்றரைப் பார்க்காவிட்டால், ஹெட் காஸ்கட் போகும்வரை விசுவாசமாக ஓடும்.

உண்மையான ஆபத்து டீசலில் கலந்திருக்கும் தண்ணீரும் அழுக்கும். 1ஜிடி டீசலை 2,000 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் அனுப்புகிறது. இன்ஜெக்டருக்குள் இருக்கும் இடைவெளி தலைமுடியைவிடப் பலமடங்கு மெல்லியது. பரலில் வாங்கி வைத்த டீசலைக் குழாயால் இழுத்து ஊற்றும் பழக்கத்தை 5எல் பொறுத்துக்கொள்ளும். 1ஜிடியில் அது நான்கு இன்ஜெக்டர்களின் விலையாக வந்து நிற்கும்.

நல்ல பக்கமும் நிறைய. டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின். 2020க்குப் பின் 2.8 எஞ்சின் 150 கிலோவாட் தருகிறது, பாரத்தோடு போகும்போது அது திணறுவதில்லை. திணறாத எஞ்சின் தேய்வதும் மெதுவாகத்தான். நேரத்துக்குச் சரியான ஒயில் மாற்றி, நல்ல டீசல் அடித்து ஓட்டினால், முதல் பத்து வருடத்தில் கராஜில் நிற்கும் நாட்கள் எந்தப் பழைய ஹைலக்ஸையும்விடக் குறைவாகவே இருக்கும்.

யாருக்கு எது?

2020 மார்ச்சிலிருந்து 2025 பெப்ரவரி வரை நீடித்த வாகன இறக்குமதித் தடை பழைய வண்டிகளின் விலையை ஏற்றிவிட்டுப் போயிருக்கிறது. பழசு மலிவு என்று கணக்குப் போடுவதற்கு முன் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒட்டுசுட்டான் உள்ளே வயல், மாடு, மரக்கறி என்று நாளுக்கு முப்பது நாற்பது கிலோமீற்றர் ஓடுபவருக்கு, சேஸி நல்ல நிலையிலுள்ள 5எல்தான் என் தெரிவு. குறுகிய ஓட்டம் டி.பி.எஃப்.ஐ அடைக்கும், 5எல்லிலோ அடைபடுவதற்கு ஒன்றுமில்லை. கிழமைக்கு இரண்டு தடவை தம்புள்ளைக்கோ கொழும்புக்கோ சாமான் ஏற்றி ஓடுபவர், கடன் எடுத்தாவது 2020க்குப் பிந்திய 1ஜிடியைப் பார்ப்பது நல்லது. இரவு ஏ9 வீதியில் பாரத்தோடு வருபவருக்குக் காற்றுப் பையும் நல்ல பிரேக்கும் வேண்டும்.

எதைப் பார்க்கப் போனாலும் முன்தினமே விற்பவரிடம், "நான் வரும்வரை கிளப்ப வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். பொனட்டில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் அன்றைக்கு விலை பேசாமல் இன்னொரு நாள் வாருங்கள். சிறிய சுத்தியலால் பின்சில்லுக்கு மேலேயுள்ள சேஸி வளைவைத் தட்டுங்கள். கணீரென்று கேட்க வேண்டும், மந்தமாகக் கேட்டால் உள்ளே துரு. 1ஜிடி என்றால் டி.பி.எஃப். இருக்கிறதா, இருந்ததை யாராவது வெட்டி எடுத்துவிட்டார்களா என்று அடியில் பாருங்கள். நாட்டுக்கு நாடு இது மாறும். ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்குக் கொடுக்கிற நாட்கூலியை வாகனத்தின் விலையிலேயே சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.