ராஸ்பெரி பையா, என்100 மினி பிசியா, பழைய ஆபீஸ் பெட்டியா?

பிரவுசர், மெயில், கொஞ்சம் தட்டச்சு, வீடியோ பார்ப்பது. வேலை இவ்வளவுதான் என்றால் மேசைக்கடியில் இரையும் பெரிய கேபினெட் தேவையே இல்லை. உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிய பெட்டி போதும். விலையையும் மின்சாரத்தையும் பார்த்து வாங்குகிறவர்கள் பெரும்பாலும் மூன்றில் ஒன்றில் வந்து நிற்பார்கள்: ஒரே சர்க்யூட் பலகையில் முழுக் கணினியையும் அடக்கிய ராஸ்பெரி பை 5, இன்டெல் என்100 செயலி போட்ட புது மினி பிசி, ஆபீஸ்களில் கழித்துக்கட்டிய செகண்ட் ஹேண்ட் மினி டெஸ்க்டாப்.

2023-ல் வந்த பை 5-ஐப் பலகை விலையை மட்டும் பார்த்து மலிவு என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பலகையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கேஸ், விசிறி, மெமரி கார்டு எல்லாம் தனித்தனி. எச்டிஎம்ஐ போர்ட்கூட மைக்ரோ அளவுதான், வழக்கமான கேபிள் நுழையாது. அடாப்டர் 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் தர வேண்டும். 3 ஆம்பியர் அடாப்டரிலும் ஓடும். ஆனால் யூஎஸ்பி போர்ட்டுகளுக்கு மொத்தமாக 600 மில்லிஆம்பியர்தான் விடும், வெளி ஹார்டு டிஸ்க் மாட்டினால் திணறும். எல்லாவற்றையும் கூட்டினால் மினி பிசி விலைக்குப் பக்கத்தில் போய்விடும். போன்களில் இருக்கும் ஆர்ம் வகைச் செயலி என்பதால் விண்டோஸுக்கென்று எழுதிய மென்பொருளை நம்பி இதை வாங்கக் கூடாது. சென்சார், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) என்று பலகையில் நீட்டியிருக்கும் உலோகப் பின்களில் கம்பி மாட்டி விளையாடுகிறவர்களுக்கு இதை அடிக்க ஆளில்லை. மற்றவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

என்100 விஷயம் வேறு. பெட்டியைப் பிரித்து மானிட்டரை மாட்டினால் வேலை ஆரம்பம். செயலியில் நான்கு கோர், அதாவது ஒரே நேரத்தில் வேலை செய்யும் நான்கு பகுதிகள். இன்டெல் சொல்லும் 6 வாட் செயலிக்கு மட்டும்தான். முழுப் பெட்டி சும்மா இருக்கும்போதே அந்த அளவோ அதற்குச் சற்று மேலோ இழுக்கும். ஏவி1 என்ற சுருக்க முறையில் வரும் வீடியோவை ஹார்டுவேரிலேயே பிரித்துவிடும், அதனால் யூடியூப் சிரமமில்லாமல் ஓடும். சிக்கல் தயாரிப்பாளர்களில்தான். ஒரே செயலியை ஊர் பேர் தெரியாத பிராண்டுகள் பலவும் விற்கின்றன. ரேம் பலகையோடு பற்றவைத்ததா, உள்ளே சேமிப்புக்கு இருப்பது இஎம்எம்சியா (பலகையோடு பதித்த, வேகம் குறைந்த வகை) எஸ்எஸ்டியா என்று விவரத்தை வரி விடாமல் படியுங்கள். 4 ஜிபி ரேம், இஎம்எம்சி என்று இருந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

என் ஓட்டு மூன்றாவதுக்கு. லெனோவோ திங்க்சென்டர் டைனி, டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எச்பி எலைட்டெஸ்க் மினி எல்லாமே சுமார் ஒரு லிட்டர் கொள்ளளவு, ஆபீஸில் வருஷக்கணக்கில் ஓடுவதற்கென்றே கட்டியவை. இன்டெல்லின் எட்டாம் தலைமுறை ஐ5-8500டி செயலியோடு கிடைத்தால் ஆறு கோர். பல வேலைகளை ஒன்றாக ஓட்டும்போது என்100-ஐத் தாண்டிவிடும். ரேம், எஸ்எஸ்டி இரண்டையும் ஒரு ஸ்க்ரூடிரைவரோடு நாமே மாற்றிக்கொள்ளலாம். ஏவி1 மட்டும் இதில் ஹார்டுவேரில் கிடையாது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். அதனால் ஆறு, ஏழாம் தலைமுறைப் பெட்டிகள் இன்னும் மலிவு. லினக்ஸ் போடத் தயார் என்றால் அவையும் தாராளம்.

சரி, கரண்ட்? சும்மா இருக்கும்போது பை சுமார் 3 வாட், ஆபீஸ் பெட்டி சுமார் 10 வாட் என்று வையுங்கள். தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் அந்த 7 வாட் வித்தியாசம் வருஷத்துக்கு 13 யூனிட் அளவுதான். இதற்காக பை வாங்குவது வீண். இரவு பகலாக ஓடும் சர்வர் என்றால் அதுவே 61 யூனிட். அப்போது என்100 பக்கம் சாய்வேன்.

பழசு வாங்கும்போது இரண்டைக் கட்டாயம் பாருங்கள். பயாஸில் (கணினியை ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருந்தால் தொடாதீர்கள். அசல் அடாப்டரும் சேர்த்துக் கேளுங்கள்: டெல் பெட்டியில் வேறு அடாப்டரை மாட்டினால் அடையாளம் தெரியவில்லை என்று எச்சரிக்கும், செயலியும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.